இடிக்கப்பட்ட கட்டடம், இடிபடாத கதை

1972 ஜூலை 15, பிற்பகல் 3.32 மணிக்கு நவீன கட்டடக்கலை செத்துப்போனது என்று சார்லஸ் ஜென்க்ஸ் 1977இல் எழுதினார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ப்ரூயிட்-ஐகோ என்ற ஏழைகள் குடியிருப்பை வெடிவைத்துத் தகர்த்ததைத்தான் அப்படிச் சொன்னார். பின்நவீனத்துவம் பற்றித் தமிழில் நாம் மூச்சுமுட்டப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் இந்த வாசகத்தை நானும் கூட்டங்களில் எடுத்துவிட்டிருக்கிறேன். ஒரு யுகத்தின் சாவுக்கு நாளும் நிமிஷமும் குறித்துக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? உண்மையில் தகர்ப்பு அந்த ஆண்டு மார்ச் 16ஆம் தேதியே தொடங்கிவிட்டது. தேதி பிசகியது சின்ன விஷயம். அந்தக் கதையில் அங்கே குடியிருந்தவர்கள் யாருமே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். அதைச் சொன்னவன் என்ற முறையில் கணக்கைத் திருத்தும் பொறுப்பு எனக்கும் இருக்கிறது.

முதலில் கட்டடம். 57 ஏக்கர், 11 மாடிகள் கொண்ட 33 தொகுதிகள், 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களையும் அவர்தான் வடிவமைத்தார். 1954இல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 1, 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் ஒரு மாடி ஏறவோ இறங்கவோ வேண்டும். லிஃப்ட் நிற்கும் தளங்களில் நீண்ட நடைக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் விளையாடவும் பெண்கள் துணி துவைக்கவும் நாலு பேர் கூடிப் பேசவும் அவை தெருவைப் போலப் பயன்படும் என்று நினைத்தார்கள். பத்தே வருஷத்தில் அவை யாரும் தனியே கடக்கப் பயப்படும் இடங்களாயின.

ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வியைக் கையில் எடுத்தது அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த சூழல் உளவியல். பெயரைப் பார்த்துக் காடு, மாசு என்று நினைத்துவிட வேண்டாம். சுவரும் படியும் ஜன்னலும் மனித நடத்தையை எப்படி வழிநடத்துகின்றன என்பதே அதன் விசாரணை. மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பராகிறார்கள் என்பதைக் கதவுகளுக்கு இடையிலான தூரமும் மாடிப்படி இருக்கும் இடமும் பெருமளவு தீர்மானிக்கின்றன என்று 1950லேயே ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் காட்டியிருந்தார்கள். மனநல மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்து வந்த ப்ரொஷான்ஸ்கி குழுவினர் 1970இல் இந்தத் துறைக்கு ஒரு பெருந்தொகுப்பைக் கொடுத்தார்கள்.

செயின்ட் லூயிஸில் கற்பித்துக்கொண்டிருந்த ஆஸ்கர் நியூமன் கவனித்தது எளிமையானது. இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்துகொண்ட படிமுகப்பு சுத்தமாக இருந்தது. 20 குடும்பங்களுக்குப் பொதுவான நடைக்கூடமும் 150 குடும்பங்களுக்குப் பொதுவான லிஃப்டும் நாசமாகிக் கிடந்தன. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த கார் ஸ்கொயர் என்ற தாழ்ந்த வீடுகளில் இதே போன்ற மக்கள் ஏறக்குறைய நிம்மதியாக வாழ்ந்தார்கள். 'இது எங்களுடையது' என்று சொல்லவும், வருவோர் போவோரைக் கண்ணால் பார்க்கவும் இடம் கொடுக்கிற கட்டடத்தில் மனிதர்கள் பொறுப்பேற்கிறார்கள் என்பது 1972இல் வந்த அவர் நூலின் சாரம்.

இதை என்னால் மறுக்க முடியாது. நான் வளர்ந்தது நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில்தான். எங்கள் தளத்தில் எதிரெதிராக இரண்டு கதவு. அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் முறை வைத்துக் கழுவிக் கோலம் போடுவார்கள். கீழே, படிக்கட்டுக்கு அடியில், மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. அது எல்லோருக்கும் சொந்தம். அதனால் யாருக்கும் சொந்தமில்லை. நியூமனைப் படித்தபோது அந்த நாற்றம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஆனால் அக்கா வேறொன்றும் சொல்வார்: "பல்பு போயி மூணு மாசமாச்சு. எழுதிக் குடுத்தா வாங்கி வச்சுக்கிறான். இதுல நாமதான் நாறடிக்கிறோமாம்!" அந்தக் குரலை நியூமனின் வரைபடத்தில் எங்கே வைப்பது?

காத்தரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரை இங்கேதான் கைகொடுக்கிறது. யமசாகி முதலில் கேட்டது உயரமும் தாழ்வும் கலந்த வீடுகள். செலவைக் காட்டி அதிகாரிகள்தான் எல்லாவற்றையும் 11 மாடியாக்கினார்கள். தரைத்தளக் கழிப்பறை வேண்டாம், தோட்டம் வேண்டாம் என்று வெட்டினார்கள். வெளியே விளையாடும் பிள்ளை 11 மாடி ஏறியா ஒன்றுக்குப் போகும்? நாற்றம் குணத்திலிருந்து வரவில்லை; வரவு செலவுத் திட்டத்திலிருந்து வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தரும். பராமரிப்பு வாடகையிலிருந்து வர வேண்டும். நகரமோ காலியாகிக்கொண்டிருந்தது. 1950இல் எட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 1970இல் ஆறே கால் லட்சத்துக்குக் கீழே இறங்கியது. வெள்ளையர் புறநகருக்குப் போனார்கள். ப்ரூயிட் கறுப்பர்களுக்கு, ஐகோ வெள்ளையர்களுக்கு என்று திட்டமிட்ட இடம் கறுப்பின ஏழைகளுக்கு மட்டுமானது. உடல் திடமுள்ள ஆண் வீட்டில் இருந்தால் உதவித்தொகை கிடையாது என்ற விதி தகப்பன்களை வெளியேற்றியது. வீடுகள் காலியாக வாடகை ஏறியது. வாடகை ஏற வீடுகள் காலியாயின.

1969இல் குடியிருந்தவர்கள் ஒன்பது மாதம் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினார்கள். பெண்கள் முன்னின்ற போராட்டம். பொதுக் குடியிருப்பில் வாடகை வருமானத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது என்ற சட்டத் திருத்தம் அதே ஆண்டு வந்தது. தங்கள் இடத்தின் மீது இதைவிட என்ன உரிமை கொண்டாட முடியும்? ஜென்க்ஸின் கதையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

சூழல் உளவியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் காட்டினார். அது ஏழைக்கும் சேர வேண்டிய அறிவு. எத்தனை வீட்டுக்கு ஒரு படிக்கட்டு என்று கட்டுவதற்கு முன்னால் கேட்டால் அது நம் பக்கம் நிற்கும். கட்டடம் நாசமான பிறகு, 'மக்களுக்கு உடைமை உணர்வு இல்லை' என்று சொல்ல எடுத்தால் அது போலீஸ் பக்கம் போய்விடும். நியூமனின் 'கண்காணிப்பு' ஜன்னலில் இருந்து பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கண்ணைக் குறித்தது. அதையே கேமராவாகவும் கம்பிக் கதவாகவும் மாற்றுவது எளிது.

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் இன்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகளிலும் இருக்கிறார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அங்கே ஏதாவது நடந்தால் 'அந்த ஜனங்களே அப்படித்தான்' என்று ஒரு குரல் வரும். 'கட்டடமே தப்பு' என்று நம்மைப்போலப் படித்த குரல் ஒன்றும் வரும். இரண்டாவது கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டுமே பல்பு யார் பொறுப்பு என்று கேட்பதில்லை.

எதிர்வீட்டு அக்கா அதைத்தான் கேட்டார்.