எடையா, எண்ணமா?

வகுப்பில் ஒருநாள், தந்தையின் தொழிலை எழுதுமாறு மாணவர்களிடம் கூறினேன். வெள்ளிப் பட்டறையில் வேலை செய்பவரின் மகன் ‘கூலி’ என்று எழுதினான். வெள்ளிக் கம்பியில் பூவிதழ் பின்னும் கைக்குப் பெற்ற மகன் இட்ட பெயர் அது! பிழை அவனுடையதா?

அவிநாசிக் கடைவீதியில் கொலுசு வாங்கிப் பாருங்கள். முதலில் தராசு. பிறகு இத்தனை கிராம், இவ்வளவு கூலி, இவ்வளவு சேதாரம். கணக்கு முடிந்தது! செய்தவர் யார்? கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கண்ணெரியப் பற்றவைத்தவரின் பெயர் கொலுசின் ஓசையில் கேட்பதில்லை.

தொழிலைப் பிறப்பால் பங்கிட்ட சமுதாயத்தில் கைக்குச் சாதி இருந்தது, பெயர் இல்லை. நகைக்கு எடை இருந்தது. எண்ணத்துக்கு விலை இல்லை. அந்த எடையே மணப்பந்தலில் பெண்ணை நிறுக்கும் படிக்கல்லாகவும் ஆயிற்று!

எடையை வென்ற நகை எங்கேனும் உண்டா? உண்டு.

1946. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம், கையால் செய்த புதுமை நகைகளுக்கென ஒரு கண்காட்சி நடத்திற்று. சிற்பி அலெக்சாண்டர் கால்டர் கம்பியைச் சுத்தியலால் தட்டி வளைத்தே அணிகள் செய்தார். பொன்னும் வைரமும் இன்றி நகை ஏது என்றவர்களுக்கு வெள்ளியும் பித்தளையும் விடை கூறின.

அதே 1946இல், அதே நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் கடை திறந்தார் ஆர்ட் ஸ்மித். 1917இல் கியூபாவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த கருப்பினத்தவர். வினிஃபிரெட் மேசன் என்ற கருப்பினப் பெண் கலைஞரின் பட்டறையில் தொழில் பழகியவர். நிறவெறியர் அவர் கடையைத் தாக்கினர். ஊரை விட்டு ஓடினாரா? இல்லை! அருகிலேயே வேறு தெருவில் மீண்டும் கடை விரித்தார். செம்பையும் வெள்ளியையும் தோளில் தவழும் வளைவுகளாக்கினார். அணிபவரின் உடலும் அணியின் ஒரு கூறே என்பது அவர் கொள்கை. இசைமேதை டியூக் எலிங்டனுக்குச் சட்டைக்கைப் பொத்தான்கள் செய்தார். 1982இல் மறைந்தார். 2008இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவர் நகைகளைக் காட்சிக்கு வைத்தது. இன்று அவற்றைத் தேடிச் சேர்ப்போர், எடையை அல்ல, செய்தவரின் பெயரைக் கேட்டே விலை தருகின்றனர்.

கடல் கடந்த கதை என்று ஒதுக்காதீர்! நம் கோவையில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். அவர் தலைமையில் கலைஞர்கள் கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். கைவினையை இழிவெனக் கருதியிருந்தால் அந்தக் கிராமம் எழுந்திருக்குமா? 1930இல் பிறந்த பி.வி. ஜானகிராம், செப்புத் தகட்டைத் தட்டியே சிலை வடித்தார். கன்னார் கைத்திறனும் சிற்பியின் சிந்தனையும் அங்கே ஒன்றாயின. அது நகையன்று, ஆனால் உலோகத்தின் எடைக்கு மேல் எண்ணத்தை நிறுத்திய வேலை.

தோழர்களே! கையையும் கருத்தையும் பிரித்தது இயற்கையன்று. மனிதர் வகுத்த வழக்கம். வகுத்ததை மாற்றவும் முடியும். அடுத்த முறை வெள்ளி வாங்கும்போது, தராசைப் பார்க்குமுன் கேளுங்கள்: “செய்தவர் யார்?” அந்தக் கேள்வி ஊரெங்கும் ஒலிக்கும் நாளில், என் மாணவன் ‘கூலி’ என்பதை அடித்துவிட்டுக் ‘கலைஞர்’ என எழுதுவான்.