உலோக நானோ துகள்களும் நன்னீர் நுண்பாசிகளும்: ஓர் ஆய்வு வரலாறு

நன்னீர் நுண்பாசிகள் குளம், ஏரி, ஆறு ஆகியவற்றில் வாழும் ஒளிச்சேர்க்கை உயிரிகள். இவற்றைத் தனித்தனியாகக் காண நுண்ணோக்கி வேண்டும். நீர்த்தெள்ளுகள் இவற்றை உண்கின்றன. நீர்த்தெள்ளுகளை மீன்கள் உண்கின்றன. உலோக நானோ துகள்கள் என்பவை 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள உலோகத் துகள்கள் அல்லது உலோக ஆக்சைடுத் துகள்கள். கிருமி எதிர்ப்புத் துணிகளில் வெள்ளித் துகள்களும், வெயில் தடுப்புக் களிம்புகளில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களும் சேர்க்கப்படுகின்றன. துவைக்கும்போதும் குளிக்கும்போதும் இவை கழிவுநீரில் கலக்கின்றன.

இத்துகள்கள் பாசியைப் பாதிப்பது துகள் என்பதாலா, அல்லது அவற்றிலிருந்து கரைந்து வரும் உலோக அயனியாலா? இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வரலாறே. அயனி மட்டுமே காரணம் என்றால், உலோகங்களுக்கு ஏற்கெனவே உள்ள நீர்த்தர வரம்புகள் பெரும்பாலும் போதும். துகளுக்கெனத் தனி நச்சு உண்டென்றால், புதிய வரம்புகள் தேவைப்படும்.

முன்வரலாறு

செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள் மிகச் சிறிய அளவிலேயே பாசியைக் கொல்லும் என்பதை சுவிட்சர்லாந்து தாவரவியலாளர் கார்ல் நேகெலி ஸ்பைரோகைரா என்னும் நன்னீர்ப் பாசியில் கண்டறிந்தார். அவர் மறைவுக்குப் பின் 1893-இல் வெளியான ஆய்வில் இவ்விளைவுக்கு 'ஒலிகோடைனமிக்' என்ற பெயர் இடம்பெற்றது. 'சிறிதளவின் ஆற்றல்' என்பது அதன் பொருள்.

1904-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் மூர், கார்ல் கெல்லர்மன் ஆகியோர் இதனைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். குடிநீர்த் தேக்கங்களில் பாசி பெருகி நீரின் சுவையும் மணமும் கெடுவதைத் தடுக்க மயில்துத்தத்தைப் பரிந்துரைத்தனர். மயில்துத்தம் நிரப்பிய சாக்குகளைப் படகில் கட்டி நீரில் இழுத்துச் சென்று கரைப்பது வழக்கமாயிற்று. கடின நீரில் செம்பின் வீரியம் குறைவதும் பிற்பாடு தெளிவாயிற்று. நச்சின் வலிமையை நீரின் தன்மையும் தீர்மானிக்கிறது என்ற இப்பாடம் நானோ துகள்களுக்கும் பொருந்தும்.

நானோ வெள்ளியும் புதியதல்ல. 1889-லேயே கேரி லீ என்னும் அமெரிக்கர் சிட்ரேட்டைக் கொண்டு கூழ்ம வெள்ளியைத் தயாரித்தார். அத்துகள்கள் இன்றைய வரையறைப்படி நானோ துகள்களே.

சோதனைப் பாசி

நச்சுச் சோதனைகளில் உலகெங்கும் பயன்படும் பாசி 1959-இல் நார்வேயின் நிட்டெல்வா ஆற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிறை வடிவிலான இதன் இன்றைய பெயர் ராபிடோசெலிஸ் சப்கேபிடேட்டா. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984-இல் வெளியிட்ட 201-ஆம் வழிகாட்டி பாசி வளர்ச்சிச் சோதனையை முறைப்படுத்தியது. ஒரு பொருள் 72 மணி நேரத்தில் பாசியின் வளர்ச்சியை எவ்வளவு குறைக்கிறது என்பதை இச்சோதனை அளக்கிறது.

துகளா, அயனியா?

2004-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டியும் ராயல் பொறியியல் அகாதமியும் வெளியிட்ட அறிக்கை, போதிய அறிவு கிடைக்கும்வரை செயற்கை நானோ துகள்களைச் சுற்றுச்சூழலில் விடுவதை இயன்றவரை தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது. இதன்பின் ஆய்வுகள் பெருகின.

2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நானோ துத்தநாக ஆக்சைடு, சாதாரணத் துத்தநாக ஆக்சைடு, துத்தநாக குளோரைடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். மூன்றிலும் லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம் துத்தநாகத்தில் பாசி வளர்ச்சி பாதியாகக் குறைந்தது. கரைந்த துத்தநாகமே காரணம் என்பது அவர்கள் முடிவு.

2008-இல் சுவிட்சர்லாந்தின் ஏவாக் நிறுவன ஆய்வு கிளாமிடோமோனாஸ் பாசியின் ஒளிச்சேர்க்கையை அளந்தது. மொத்த வெள்ளியை வைத்துக் கணக்கிட்டால் வெள்ளி நைட்ரேட்டே பல மடங்கு நச்சு. கரைந்த அயனியை மட்டும் கணக்கிட்டாலோ நானோ துகள்களே அதிக நச்சு. ஆயினும் வெள்ளி அயனியைப் பிணைத்துக்கொள்ளும் சிஸ்டீனைச் சேர்த்ததும் நச்சு நீங்கியது. எனவே கொல்வது அயனிதான். பாசியின் அருகில் அதனைத் தொடர்ந்து வெளியிடும் களஞ்சியமாகத் துகள் செயல்படுகிறது என்று விளக்கப்பட்டது.

2009-இல் வெளியான எஸ்தோனிய ஆய்வில் நானோ செம்பு ஆக்சைடு, சாதாரணத் துகளைவிடச் சுமார் 16 மடங்கு நச்சுடையதாக இருந்தது. சிறு துகள் எளிதில் கரைவதே இதற்குக் காரணம். எளிதில் கரையாத டைட்டானியம் டை ஆக்சைடோ திரண்டு பாசிச் செல்களைச் சூழ்ந்துகொண்டது. இங்கு மட்டும் துகளே நேரடியாகக் குறுக்கிட்டது.

ஆய்வகத்திலிருந்து ஏரிக்கு

குடுவையில் கண்டது ஏரியிலும் நடக்குமா? கழிவுநீர்ச் சுத்திகரிப்பின்போது நானோ வெள்ளியின் பெரும்பகுதி எளிதில் கரையாத வெள்ளி சல்பைடாக மாறுவது தெரியவந்தது. 2014, 2015 ஆண்டுகளில் கனடாவின் சோதனை ஏரிகள் பகுதியிலுள்ள 222-ஆம் ஏரியில் நானோ வெள்ளி நேரடியாகச் சேர்க்கப்பட்டது. மிதக்கும் பாசிக் கூட்டத்தில் நீண்டகாலப் பாதிப்பு தென்படவில்லை. ஆனால் ஏரி மீன்களின் உடலில் வெள்ளி சேர்ந்தது. பாசி தப்பியது என்பதால் ஏரி முழுவதும் தப்பியது என்று கொள்ள முடியாது.

இன்றைய நிலை

2020-இல் மேற்கண்ட பன்னாட்டு அமைப்பு நானோ பொருள்களின் நீர்வாழ் நச்சுச் சோதனைக்கெனத் தனி வழிகாட்டி ஆவணத்தை வெளியிட்டது. சேர்த்த அளவைக் குறித்தால் மட்டும் போதாது. சோதனை நடக்கும் காலத்தில் துகள் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு திரண்டது என்பனவற்றையும் கவனிக்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. எனவே இத்துறை ஆய்வு எதையும் படிக்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது, அதில் கரைந்த அயனி தனியாக அளக்கப்பட்டதா என்பதையே.