அரபுக் குதிரையும் பாண்டியர் லாயமும்

மண்டைக்காட்டுக் கடற்கரையில் நின்று மேற்கே பாருங்கள். இன்று மீன்பிடி படகுகள் போய்வரும் இக்கடலில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் சென்றன. பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அவை குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு காயல் துறைமுகத்தை அடைந்தன. பாண்டியர் படைக்குத்தான் அக்குதிரைகள். கொல்லம் முதல் நெல்லூர் வரையுள்ள கரையை அரேபியர் 'மாபார்' என்று அழைத்தனர். மண்டைக்காடும் அந்த எல்லைக்குள் அடங்கும்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இவ்வாணிகத்தின் கணக்கைத் தருகிறார். கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவது என்று ஒப்பந்தம். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 3,08,000 தினார்! வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும். 1292ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஒருவர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரைகள் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். இந்த எண் மிகைப்பட்டதாக இருக்கலாம். ஆனால் குதிரைகள் நிலைக்கவில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போகின்றனர்.

ஏன் இறந்தன? லாடம் அடிப்போரும் குதிரை வைத்தியம் அறிந்தோரும் அங்கில்லை என்கிறார் போலோ. வணிகர்களே அத்தகையோரை வரவிடாமல் தடுத்தனராம். குதிரை செத்தால்தானே மறுபடியும் விற்கலாம்! இந்நாட்டில் குதிரை வைத்திய நூல்களே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் நூல்களும், ஜயதத்தரின் 'அசுவ வைத்தியக'மும் வடமொழியில் உண்டு. ஏட்டில் இருந்த அறிவு லாயத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

வஸ்ஸாப் தரும் மற்றொரு செய்தி நமக்கு மிகவும் பயன்படும். வந்திறங்கிய குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போட்டனர். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் கலந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர். அதன் பின், பயிற்சி ஏதுமின்றித் திடீரென்று ஏறி ஓட்டினர். வலிமையான குதிரைகளும் சில நாளில் நலிந்து விழுந்தன.

இப்போது குதிரையின் காலைச் சிறிது ஆராய்வோம். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் நிற்கிறது. அந்நுனியை மூடியுள்ள நகமே குளம்பு. 450 கிலோ எடையுள்ள குதிரையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அதாவது ஒரு காலுக்கு 135 கிலோ. பாய்ந்தோடும்போது இச்சுமை பல மடங்காகிறது. குளம்புக்குள் உள்ள எலும்பு அடித்தட்டின்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. சுமார் 600 மெல்லிய தகடுகள், ஒன்றோடொன்று கோத்த இரு சீப்புகளின் பற்களைப்போல, எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைத்துத் தொங்கவிட்டிருக்கின்றன.

அளவுக்கு மீறித் தானியம் தின்றால் செரியாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தைப் பெருக்குகின்றன. அதன் விளைவாக இத்தகடுகளில் அழற்சி உண்டாகிறது. குதிரை திடீரென்று நொண்டுகிறது. முன்னங்கால்களை முன்னே நீட்டி உடலைப் பின்னே சாய்த்து நிற்கிறது. குளம்பு சுடும், கணுவருகே நாடி ஓங்கித் துடிக்கும். இதனைப் பழங்காலக் கிரேக்கர் 'வாற்கோதுமை நோய்' என்றே குறித்தனர்.

கால்வீக்கம் வேறு வகை. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை ஏறக்குறைய இல்லை. குளம்பு தரையில் அழுந்தி எழும்போது அது ஒரு பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நிணநீர் மேலேறவும் அசைவு வேண்டும். கட்டிப்போட்ட குதிரைக்குப் பம்பு நின்றுவிடுகிறது, கால்கள் வீங்குகின்றன. நாற்பது நாள் கட்டும், மிகுதியான தானியமும் சேர்ந்தால் என்ன ஆகும்? பாண்டியர் குதிரைகளின் நோய்ப்பெயரை எந்த ஏடும் கூறவில்லை. எனினும் வஸ்ஸாப் விவரிக்கும் பராமரிப்பு இவ்விரு கேடுகளுக்கும் வழி திறந்துவிடுவதை எவரும் காணலாம்.

இவை தவிர, கடிக்கும் ஈக்கள் பரப்பும் 'சுர்ரா' நோயிலும் கால் வீங்கும். அதன் கிருமியை 1880இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் என்பவர் குதிரைகளின் இரத்தத்தில் கண்டறிந்தார்.

வாசகர்களே, இங்கே ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. வெறுமனே நின்றதால் வந்த வீக்கம் மெல்ல நடத்தினால் வடியும். குளம்பு அழற்சி வந்த குதிரையை நடத்தினாலோ, பிணைப்புத் தகடுகள் கிழிந்து எலும்பே கீழிறங்கிவிடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது! ஆகவே, திடீரென்று நொண்டும் குதிரையைக் காரணம் தெரியும்வரை நடத்தக் கூடாது. தானியத்தை நிறுத்தி, தண்ணீர் வைத்து, மெத்தென்ற தரையில் நிற்கவிட்டு, கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். குளம்பில் ஆணியோ சீழோ உண்டா, காய்ச்சல் உண்டா, எலும்பு முறிந்ததா என்று அவரே காண்பார். குளம்பு அழற்சியின் தொடக்கத்தில் பனிக்கட்டி நீரில் காலை இடைவிடாது குளிர்வித்தால் தகடுகளின் சேதம் குறைகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினர்.

பாண்டியர் தங்கள் குதிரைகளைப் புறக்கணிக்கவில்லை. வெண்ணெயும் பாலும் ஊட்டிப் போற்றினர். புல்லும், நடையும், குளம்பறிந்த ஓர் ஆளும் இருந்திருந்தால், கடல்கடந்து போன பொன்னில் ஒரு பகுதி கருவூலத்திலேயே தங்கியிருக்கும். ஓர் உயிரைக் காக்க அன்பு மட்டும் போதாது. அதன் உடல் எப்படி இயங்குகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.