நெற்றிக்கு வந்து சேர்ந்த செல்

விம்கோ நகரில் அஞ்சாம் மாச ஸ்கேன் முடித்து வரும் பெண்ணின் கையிலுள்ள ரிப்போர்ட்டில் பி.பி.டி. என்று ஒரு எண் இருக்கும். குழந்தையின் தலை அகலம் அது. திரையில் வெள்ளை வளையமாகத் தெரிந்த மண்டை ஓடு இன்னும் கட்டி முடியவில்லை. அதன் நெற்றிப் பகுதிக்கு வந்து சேர்ந்த ஒரு செல்லின் கதை இது.

அது நெற்றியில் பிறந்ததல்ல. கரு நாலு வாரம்கூட நிறையாதபோது, மூளையாகப் போகிற குழாயின் விளிம்பில் இருந்தது. நரம்பு முகடு என்பார்கள். அங்கிருந்து கழன்று, முகத்தை நோக்கி ஊர்ந்தது. உடன் கிளம்பியவற்றில் சில நரம்பாயின, சில தோலுக்கு நிறம் தரப் போயின, சில தாடை எலும்பில் தங்கின.

நெற்றித் தோலுக்கு அடியில் வந்ததும் அது எலும்பு கட்டத் தொடங்கிவிடவில்லை. முதலில் அக்கம்பக்கத்துச் செல்களோடு நெருங்கி ஒட்டிக்கொண்டது. கேடெரின் என்ற புரதம் ஒட்டுப்பசை. அடுத்தது கனெக்சின் 43. இந்தப் புரதம் ஆறு சேர்ந்தால் பாதிக் குழாய். மீதிப் பாதியைப் பக்கத்துச் செல் தரவேண்டும். இரண்டும் பொருந்தினால் உள்ளுக்குள் வழி திறக்கும். ஒண்டுக்குடித்தனத்தில் பொதுச்சுவரில் விட்ட சின்ன மாடம் மாதிரி: குழம்புக் கிண்ணம் கைமாறும், அண்டா நுழையாது. கால்சியம் அயனியும் சிறு சமிக்ஞை மூலக்கூறுகளும் போகும், புரதங்கள் போகாது. ஒரு செல்லுக்குக் கிடைத்த தகவல் கூட்டம் முழுவதும் பரவுவது இப்படித்தான். எலும்பு என்றாலே கால்சியம் டப்பாவைக் காட்டும் விளம்பரங்கள் இந்தக் கட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

இந்த மாடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கனெக்சின் 43 இல்லாத எலிக்குட்டிகளில் மண்டை ஓடு தாமதமாகவே எலும்பாகிறது என்று 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்களிலும் இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தால் முக எலும்புகள் மாறும், பல் எனாமல் கெடும், மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருக்கும். இவை சேர்ந்து வரும் நோய்க்கு அந்தப் பிழைதான் காரணம் என்று 2003-இல் தெரிந்தது.

கைகோத்த பிறகுதான் நம் செல் கொலாஜனைச் சுரக்கிறது. அது மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்தக் கயிற்றின்மேல் கால்சியமும் பாஸ்பரசும் படிகமாகப் படியும். அம்மா முள்ளோடு மென்ற நெத்திலியிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். விம்கோ நகருக்குப் பெயர் தந்த விம்கோ தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததும் இதே பாஸ்பரஸ்தான், சிவப்பு வகை. வெள்ளை வகை ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடையை அரித்தது. இந்தியாவில் அதைப் போட்டுத் தீக்குச்சி செய்ய 1913-இலேயே சட்டம் தடை போட்டது, விம்கோ தொடங்கியது 1923-இல்.

சுற்றிலும் கெட்டிப்படும்போது நம் செல் தான் கட்டியதற்குள்ளேயே புதைந்துபோகிறது. ஆனால் துண்டிக்கப்படுவதில்லை. தாது இறுகும் முன்பே மெல்லிய கைகளை நாலாபுறமும் நீட்டிவிடுகிறது. அவற்றைச் சுற்றி எலும்பு இறுகும்போது கால்வாய்கள் மிஞ்சும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அகலமில்லாத அந்தக் கால்வாய்களுக்குள் கைகளின் நுனிகள் தொடும் இடத்தில் மறுபடியும் கனெக்சின் 43. ரத்தக் குழாய் எட்டாத செல்லுக்குச் சாப்பாடு இந்தக் கால்வாய் வழியேதான். வளர்ந்த மனித உடலில் இப்படிப் புதைந்த செல்கள் சுமார் 4,200 கோடி, அவற்றுக்கிடையே 23 லட்சம் கோடி இணைப்புகள் என்று 2015-இல் ஒரு கணக்கு வந்தது.

நம் செல் புதைந்த நெற்றியெலும்பு பிறக்கும்போது ஒன்றல்ல, இடது வலது என இரண்டு. நடுக்கோடு பெரும்பாலும் முதல் வயதுக்குள் மூடிவிடும். சிலருக்கு வாழ்நாள் முழுக்க மூடுவதில்லை. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அது தெரியவரும்.