சட்டமா அதிபரும் சிறைக்கைதியும்

தேர்தற் காலத்திற் சுதந்திரத்தைப் புகழாத வேட்பாளர் எந்த நாட்டிலும் இலர். மேடையிற் புகழப்படும் சுதந்திரம் அதிகாரம் கைக்கு வந்தபின் என்னாகின்றது என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினா. இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு, ஐக்கிய அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தல் நல்லதொரு பாடமாகும். அவ்வாண்டு ஜனாதிபதி பதவியை நாடியோருள் ஒருவர் நாட்டின் சட்டமா அதிபர்; மற்றொருவர் அரசாங்கம் வழக்குத் தொடுத்துச் சிறையிலிட்ட கைதி.

முதனிலைத் தேர்தல் எனும் முறையை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒரு கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதை முன்னர் கட்சித் தலைவர்களே தமக்குள் பேசி முடிவு செய்தனர். அவ்வதிகாரத்தைச் சாதாரண வாக்காளரிடம் ஒப்படைக்க வேண்டுமென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீர்திருத்த இயக்கம் போராடியது. அதன் பேறாக 1912இற் பல மாநிலங்கள் முதனிலைத் தேர்தலைக் கைக்கொண்டன. எனினும், அவ்வாண்டு குடியரசுக் கட்சியில் தியடோர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான முதனிலைத் தேர்தல்களில் வென்றிருந்தும், கட்சி மாநாடு டாஃப்டையே தெரிவு செய்தது. 1920இலும் இறுதி முடிவு மாநாட்டின் கையிலேயே இருந்தது.

இனி அக்கைதியை நோக்குவோம். தொழிற்சங்கத் தலைவரும் சோஷலிசக் கட்சியின் பெருந்தலைவருமான யூஜின் டெப்ஸ், 1918 ஜூன் 16ஆம் நாள் ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில் உலகப் போரை எதிர்த்து உரையாற்றினார். அவர் செய்த குற்றம் அந்த உரை ஒன்றே. 1917இன் உளவுச் சட்டத்தின் கீழ் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1919 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை ஏகமனதாக உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர், பிற்காலத்திற் பேச்சுச் சுதந்திரத்தின் காவலராகப் போற்றப்பட்ட நீதியரசர் ஹோம்ஸ் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

சட்டமா அதிபர் மிச்சல் பால்மரோ பிற்போக்காளராகத் தம் அரசியலைத் தொடங்கியவரல்லர். அவர் குவேக்கர் சமயத்தவர். காங்கிரஸ் சபையில் இருந்தபோது குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தவர். 1919 ஜூன் 2ஆம் நாளிரவு அவரது வீட்டு வாயிலிற் குண்டு வெடித்தது. அன்றிரவே வேறு பல நகரங்களிலும் குண்டுகள் வெடித்தன. அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், குண்டு வைத்தோரைத் தேடுவதற்குப் பதிலாக, ஒரு கொள்கையை உடையோர் அனைவரையும் தேடுவதென அவரது திணைக்களம் முடிவு செய்தது. 1919 டிசம்பரில் 249 பேர் ஒரே கப்பலில் நாடுகடத்தப்பட்டனர். 1920 ஜனவரி 2ஆம் நாளிரவு முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். அவர்களுட் பலர் பிடியாணையே இன்றிக் கைதானவர்கள். இவ்வேட்டையின் புகழையே முதலாகக் கொண்டு, 1920 மார்ச்சில் பால்மர் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முன்வந்தார்.

அவரைத் தடுத்து நிறுத்தியோர் யாவர்? அவருக்குப் போட்டியாக நின்ற பெருந்தலைவர்கள் அல்லர். நாடுகடத்தும் அதிகாரம் தொழிற் திணைக்களத்துக்கே உரியதாயிருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த எழுபது வயது முதியவர் லூயிஸ் போஸ்ட், கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, சான்றில்லாத ஆணைகளை ஆயிரத்துக்கு மேல் இரத்துச் செய்தார். அவரைப் பதவி நீக்க எழுந்த முயற்சி, காங்கிரஸ் குழுவின் முன் அவர் அளித்த சாட்சியத்தால் முறிந்தது. மே மாதத்திற் பன்னிரண்டு சட்ட அறிஞர்கள் ஒன்றுகூடி, நீதித் திணைக்களத்தின் சட்டவிரோதச் செயல்களை அறிக்கையாக வெளியிட்டனர். மே தினத்திற் புரட்சி வெடிக்கும் என எச்சரிக்கப்பட்டு, நியூயோர்க்கின் பொலிசார் முழுவதும் ஆயத்தநிலையில் வைக்கப்பட்டனர். அந்நாள் அமைதியாகவே கழிந்தது; நாடு நகைத்தது.

முதனிலைத் தேர்தல்களிலும் பால்மருக்குப் பெருவெற்றி கிட்டவில்லை. மிச்சிக்கனில் ஐந்தாமிடமே கிடைத்தது. ஜோர்ஜியாவில் தோமஸ் வாட்சன் அவரினும் அதிக வாக்குகள் பெற்றார். இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். உளவுச் சட்டத்தை வன்மையாக எதிர்த்தவர் வாட்சன். அவரது பத்திரிகையே அச்சட்டத்தால் முடக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே வாட்சன்தான், 1915இல் லியோ ஃபிராங்க் என்ற யூதர் கும்பலாற் கொல்லப்படுவதற்கு முன் பகைத்தீயை எழுத்தால் மூட்டியவர். அவருக்குக் கிடைத்த வாக்குகளும் வெள்ளையரின் வாக்குகளே. கறுப்பின மக்களுக்கு அம்முதனிலைத் தேர்தலில் இடமிருக்கவில்லை. வெள்ளையர்க்கு மட்டுமான முதனிலைத் தேர்தலை உயர் நீதிமன்றம் 1944இலேயே செல்லாதாக்கியது. தன் நாவுக்கு மட்டும் சுதந்திரம் கேட்பவன் சுதந்திரத்தின் நண்பனாகான்.

சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிற் பால்மர் விலக நேர்ந்தது. 44ஆம் சுற்றில் ஜேம்ஸ் கொக்ஸ் வேட்பாளரானார். சோஷலிசக் கட்சியோ அட்லாண்டாச் சிறையிலிருந்த டெப்ஸை நிறுத்தியது. ஊர் ஊராகச் செல்லவியலாத அக்கைதிக்கு ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். குடியரசுக் கட்சியின் ஹார்டிங் வென்றார்.

இதன் பின் நிகழ்ந்தவை எம் போன்ற முற்போக்காளர் எளிதில் ஏற்க விரும்பாதவை. 1921இன் தொடக்கத்தில் டெப்ஸின் தண்டனையைக் குறைக்கும்படி பரிந்துரைத்தவர் அதே பால்மர். மறுத்தவர், புதிய சுதந்திரம் என்ற முழக்கத்துடன் 1912இல் வென்ற ஜனாதிபதி வில்சன். அவ்வாண்டு டிசம்பரில், நத்தார் நாளில் டெப்ஸ் வெளியேறுமாறு செய்தவர் பழைமைவாதியான ஹார்டிங். கட்சியின் பெயரையோ கொள்கை முழக்கத்தையோ மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்வரலாறு எமக்கு விளங்காது.

இன்னுமொன்று: பால்மர் தோற்றார், அவர் அமைத்த பொறி தோற்கவில்லை. வேட்டையின் கோப்புகளைத் தொகுத்த பிரிவுக்கு அவர் தலைவராக்கிய இருபத்துநான்கு வயது இளைஞர் எட்கர் ஹூவர், 1924இற் புலனாய்வுப் பணியகத்தின் தலைமையை ஏற்று, 1972இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். உளவுச் சட்டமும் இன்றுவரை நடைமுறையிலுள்ளது.

ஆகவே, வேட்பாளரை நோக்கிச் சுதந்திரத்தை விரும்புகிறீரா எனக் கேட்பது வீண். ஆம் என்றே அவர் சொல்வார். உமக்குப் பிடிக்காதவன் பேசியபோது நீர் என்ன செய்தீர், அச்சம் நாட்டை ஆண்டபோது எங்கே நின்றீர், எந்தச் சட்டத்தை நீக்குவீர் என்றே கேட்க வேண்டும். வேட்பாளரின் வாக்குறுதி தேர்தலோடு முடியலாம். ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்கும் குடிமக்களின் விழிப்பு அதற்குப் பின்னரே தொடங்க வேண்டியிருக்கின்றது.