பிளக் பாயின்ட்டில் எர்த் துளையின் இடம்

வீட்டுச் சுவரில் மூன்று துளை பிளக் பாயின்ட்டைப் பொருத்தும்போது பெரிய துளையான எர்த் மேலே இருக்குமாறு வைப்பது இந்தியாவில் நிலைபெற்ற முறை. அப்படி வைத்து எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கத் துளை ஃபேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற வடசென்னைக் கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றையும் மழை வெள்ளத்தையும் கணக்கில் கொண்டே பிளக் பாயின்ட்டின் இடமும் உயரமும் அமைய வேண்டும்.

தோற்றம்

உருண்டை முனைகள் கொண்ட மூன்று பின் பிளக், 1934-இல் வெளியான பி.எஸ். 546 என்னும் பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தது. பிரிட்டன் 1947-இல் செவ்வக முனை கொண்ட 13 ஆம்பியர் வகைக்கு மாறத் தொடங்கியது. இந்தியா உருண்டை முனையிலேயே தொடர்ந்தது. இங்கே 6 ஆம்பியர், 16 ஆம்பியர் வகைகளை ஐ.எஸ். 1293 என்ற தரம் வரையறுக்கிறது. செவ்வக முனை வழங்கும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளிலும் எர்த் மேலேதான். அமெரிக்காவில் விதித்தொகுப்பு திசையைக் கட்டாயப்படுத்துவதில்லை. பெரும்பாலான வீடுகளில் எர்த் துளை கீழே இருக்கிறது.

காரணங்கள்

எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமானது, தடிமனானது. செருகும்போது முதலில் தொடும். கழற்றும்போது கடைசியில் விலகும். பாதி கழன்று நிற்கும் பிளக்கின் மேல் ஒரு கரண்டியோ கம்பியோ விழுந்தால், மேலே இருக்கும் எர்த் பின்னில்தான் முதலில் படும். பிளக்கின் வயர் பொதுவாக எர்த் பின்னுக்கு எதிர்ப்புறமாக வெளியே வருவதால், எர்த் மேலே இருந்தால் வயர் மடங்காமல் கீழே தொங்கும்.

ஷட்டர் உள்ள பிளக் பாயின்ட்களில் எர்த் பின் நுழைந்தால்தான் மற்ற துளைகளின் மூடி திறக்கும் அமைப்பு பரவலாக உண்டு. இரண்டு பின் சார்ஜரைச் செருகுவதற்காக எர்த் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறக்கும் பழக்கம், குழந்தைகளைக் காக்க வைத்த தடுப்பையே அகற்றிவிடுகிறது.

தலைகீழாகப் பொருத்தினால்

பிளக் பாயின்ட் தலைகீழாக இருப்பதால் மட்டும் மின்சாரம் மாறிவிடாது. ஆனால் ‘வலப்பக்கம் ஃபேஸ்’ என்ற கைப்பழக்கத்தில் வயரை முடுக்கினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அப்போது கருவியில் உள்ள சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். அணைத்த பிறகும் கருவிக்குள் கரன்ட் நிற்கும். எல்., என்., இ. ஆகிய ஆங்கில எழுத்துக் குறிகளைப் பார்த்தே சிவப்பு, கறுப்பு, பச்சை வயர்களை இணைக்க வேண்டும். சுவிட்சைக் கீழே அழுத்தினால் எரிவது இந்திய வழக்கம். மேலே தள்ளினால்தான் எரிகிறது என்றால் பலகையே தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம்.

வடசென்னையில்

தரையிலிருந்து 25 செ.மீ. அல்லது 130 செ.மீ. உயரம் என்பது தேசிய மின் விதித்தொகுப்பு காட்டும் இரு வழிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே 25 செ.மீ. உயரத்து பிளக் பாயின்ட் மூழ்கிவிடும் என்பதால், தாழ்வான தெருக்களுக்கு உயரமான இடமே ஏற்றது. நனைந்த பிளக் பாயின்ட்டை மின் பணியாளர் சோதிக்கும்வரை பயன்படுத்தக் கூடாது.

கடற்காற்று பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். இணைப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறும். ஃபேஸிலும் நியூட்ரலிலும் இந்தக் கோளாறு விளக்கு மினுக்குவதிலோ கருகல் வாடையிலோ தெரிந்துவிடும். எர்த்தில் தெரியாது.

எர்த் சோதனை

டெஸ்டரை எர்த் துளையில் வைத்தால் எரியாது. எர்த் சரியாக இருந்தாலும் எரியாது. வயரே இல்லாவிட்டாலும் எரியாது. ஆகவே டெஸ்டர் எரியாததை எர்த் நன்றாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மின் பணியாளர் மல்டிமீட்டரால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தால் ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும். அந்த அளவும் போதாது; எர்த் குழியின் மின்தடையையும் தனியே அளக்க வேண்டும். பழைய வாடகை வீடுகளில் வாஷிங் மெஷினையோ கிரைண்டரையோ செருகுமுன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது உயிர்காக்கும். எர்த் துளை மேலே இருந்தும் அதன் பின்னால் பச்சை வயர் இல்லையென்றால், அது சுவரில் உள்ள வெறும் ஓட்டைதான்.