பொழுதுபோக்குப் பூங்கா விபத்துகள்: பொறுப்பு யாருடையது?

ரோலர் கோஸ்டர், ராட்சத ராட்டினம் போன்ற சவாரிகளில் மக்கள் ஏறுவதே சிறிது அச்சத்தை அனுபவிப்பதற்காகத்தான். அந்த அச்சம் உண்மையான ஆபத்தாக மாறிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? விரும்பி ஏறியவரா, இயந்திரத்தை இயக்கிய பணியாளரா, பூங்காவை நடத்தும் நிறுவனமா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் தந்த விடை காலப்போக்கில் மாறி வந்துள்ளது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நடந்த நான்கு நிகழ்வுகள் அந்த மாற்றத்தைக் காட்டுகின்றன.

நியூயார்க், 1929: ஏறியவரின் பொறுப்பு

நியூயார்க் நகரின் கோனி தீவில் ஸ்டீபிள்சேஸ் என்னும் பூங்கா இருந்தது. அங்கே மேல்நோக்கி ஓடும் சாய்வான பட்டை ஒன்றின் மீது மக்கள் நின்றும் உட்கார்ந்தும் செல்வார்கள். நிலைதடுமாறி விழுவதுதான் அதில் வேடிக்கை. அதில் ஏறிய இளைஞர் ஒருவர் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. அவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் அவருக்கு வெற்றி கிடைத்தது. ஆனால் 1929இல் மாநிலத்தின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ. பிறர் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுபவர், விழும் ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொள்கிறார் என்பது அவர் கருத்து. இத்தீர்ப்பு பூங்கா உரிமையாளர்களுக்குச் சாதகமானது என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதற்குள் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தால் நிலைமை வேறு என்று கார்டோசோ குறிப்பிட்டார். பின்னர் நடந்த பெரிய விபத்துகள் எல்லாம் இந்த விதிவிலக்குக்குள் வருபவையே.

லண்டன், 1972: தனி மனிதர் மீது வழக்கு

லண்டனின் பாட்டர்சீ பூங்காவில் 1951ஆம் ஆண்டின் பிரிட்டன் விழாவையொட்டி 'பிக் டிப்பர்' என்னும் மர ரோலர் கோஸ்டர் அமைக்கப்பட்டது. 1972 மே 30 அன்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்த பெட்டித்தொடர், இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி ஓடியது. பின்னால் ஓடாமல் தடுக்கும் அமைப்பும் வேலை செய்யவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்தனர்.

இறந்த குழந்தைகள் எந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள்? கயிற்றின் நிலையையோ தடையின் தேய்மானத்தையோ அவர்களால் பார்த்திருக்க முடியாது. எனவே பழி பொறுப்பில் இருந்தவர்களை நோக்கித் திரும்பியது. பூங்காவின் பொது மேலாளர் மீதும் பொறியாளர் ஒருவர் மீதும் உயிரிழப்பை விளைவித்ததாகக் குற்றவழக்கு தொடரப்பட்டது. 1973இல் இருவரும் விடுவிக்கப்பட்டனர். ஒரு தனி மனிதரின் குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது கடினம். ஐந்து உயிர்கள் போன பின்பும் குற்றவாளி என்று யாரும் இல்லாமல் அந்த வழக்கு முடிந்தது.

1974ஆம் ஆண்டுச் சட்டம்

பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்புச் சட்டங்களை ஆராய்ந்துவந்த ராபன்ஸ் குழு 1972இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1974இல் பணியிட உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாட்டர்சீ விபத்துக்காக இயற்றப்பட்ட சட்டம் அன்று இது. ஆயினும் இதன் மூன்றாம் பிரிவு, தொழிலாளர் அல்லாத பொதுமக்களையும் ஆபத்திலிருந்து காக்கும் கடமையை நிறுவனத்தின் மீது வைத்தது. நடைமுறையில் இயன்ற அனைத்தையும் செய்துவிட்டதாக மெய்ப்பிக்கும் சுமையும் நிறுவனத்தையே சேர்ந்தது.

ஆல்டன் டவர்ஸ், 2015: நிறுவனத்தின் பொறுப்பு

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 14 தலைகீழ்ச் சுழற்சிகள் கொண்ட 'ஸ்மைலர்' ரோலர் கோஸ்டர் 2013இல் திறக்கப்பட்டது. அதன் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் ஒரு பெட்டித்தொடர் நின்றால், அடுத்து வருவதைக் கணினி நிறுத்திவிடும்.

2015 ஜூன் 2 அன்று பலத்த காற்று வீசியது. சோதனைக்காக அனுப்பிய காலிப் பெட்டித்தொடர் சுழற்சியைக் கடக்க முடியாமல் நடுவழியில் நின்றது. கணினி சரியாகவே செயல்பட்டு, 16 பேர் அமர்ந்திருந்த அடுத்த தொடரை நிறுத்தி வைத்தது. பாதை காலியாக இருப்பதாக நம்பிய பொறியாளர்கள், கணினியின் கட்டளையை மீறித் தொடரை அனுப்பினர். மோதலில் பலர் படுகாயமடைந்தனர். இரு இளம்பெண்கள் தலா ஒரு காலை இழந்தனர்.

பொத்தானை அழுத்திய கை பொறியாளருடையது. ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. கணினியின் எச்சரிக்கையை மீறும் முன் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான நடைமுறை வகுக்கப்பட்டிருந்ததா, எவ்வளவு காற்றில் சவாரியை நிறுத்த வேண்டும் என்று பணியாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததா என்ற கேள்விகளும் எழுந்தன. பிழை தனி மனிதருடையதன்று, நிர்வாகத்துடையதே என்பது அரசுத் தரப்பின் முடிவு. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 செப்டம்பரில் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா, 2016

அடுத்த மாதமே, 2016 அக்டோபர் 25 அன்று, குயின்ஸ்லாந்தின் டிரீம்வேர்ல்ட் பூங்காவில் நான்கு பேர் இறந்தனர். நீரேற்றும் பம்ப் நின்று நீர்மட்டம் தாழ்ந்ததால் காலி மிதவை ஒன்று தட்டி நின்றது. பயணிகள் இருந்த மிதவை அதன் மீது மோதியது. அதே பம்ப் அன்றைக்கு முன்னரே பழுதாகி நின்றிருந்தது. இங்கும் பணியாளர் தண்டிக்கப்படவில்லை. 2020இல் நிறுவனத்துக்கு 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இதற்கிடையே 2017இல், அலட்சியத்தால் தொழிலாளரின் உயிரிழப்புக்குக் காரணமாகும் மேலதிகாரிகளைச் சிறைக்கு அனுப்பவும் வழிசெய்யும் சட்டத்தைக் குயின்ஸ்லாந்து இயற்றியது.

முடிவுரை

சவாரியில் ஏறுபவருக்கும் கடமை உண்டு. இடுப்புப் பட்டையை அணிவது, உயர வரம்பை மதிப்பது, ஓடும்போது எழாமல் இருப்பது ஆகியவை அவருடைய பொறுப்பு. ஏனெனில் இவை அவர் கண்ணுக்குத் தெரிபவை. கயிறு, தடை, பம்ப், கணினி, பணியாளரின் பயிற்சி ஆகியவை அவர் கண்ணுக்குத் தெரியாதவை. இவற்றைப் பார்த்திருக்க வேண்டியவரே இவற்றுக்குப் பொறுப்பாளர். 'சொந்தப் பொறுப்பில் ஏறவும்' என்று பலகை எழுதி வைப்பதால் அந்தக் கடமை கைமாறிவிடாது.